3 நாளுக்கு ₹30,000: நீண்டகால வேலையை மாற்றியதன் நிகழ்வு ஆய்வு

இது ஒரு மாதிரி நிகழ்வு. பணியாளரும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக அமைக்கப்பட்டவை. விதிகளும் விகிதங்களும் 2023-24 நிதியாண்டில் இந்தியாவில் நடைமுறையில் இருந்தவை. அதற்குப் பிறகு மாறியவை கடைசியில் வருகின்றன.

பணியாளர் வயது 42. கோவைப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர். சேர்ந்தது 2009 ஆகஸ்ட் 3. மாதச் சம்பளம் ₹88,000. அதில் அடிப்படைச் சம்பளமான பேஸிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து ₹52,000. 2023 அக்டோபர் கடைசியில் ஓசூரில் உள்ள வேறொரு நிறுவனம் ஆண்டுக்கு ₹15,00,000 சி.டி.சி. என்று ஆஃபர் தந்தது. பழைய இடத்தில் அவருடைய சி.டி.சி. ₹11,60,880. பார்த்தவுடன் 29 சதவீத உயர்வு.

அந்த 29-ஐத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சி.டி.சி. என்பது முதலாளிக்கு ஆகும் செலவு, பணியாளரின் வரவு அல்ல. இரண்டு நிறுவனங்கள் அந்தச் செலவை ஒரே மாதிரி எழுதுவதும் இல்லை.

பழைய இடம்: சம்பளம் 88,000 × 12 = ₹10,56,000. நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு முழு பேஸிக்கில் 12 சதவீதம், மாதம் 6,240, ஆண்டுக்கு ₹74,880. கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ₹30,000.

புதிய இடம்: மொத்தம் ₹15,00,000. அதில் வேரியபிள் பே, அதாவது கூடவோ குறையவோ செய்யும் உறுதியில்லாத பகுதி, ₹1,50,000. பி.எஃப். பங்கு சட்ட வரம்பான ₹15,000 மீது மட்டும், அதாவது மாதம் 1,800, ஆண்டுக்கு ₹21,600. பேஸிக் ₹50,000, அதற்கான கிராஜுவிட்டி ஒதுக்கீடு 4.81 சதவீதம், ₹28,860. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ₹20,000. இவையெல்லாம் போக மிஞ்சும் உறுதியான சம்பளம் ஆண்டுக்கு ₹12,79,540, மாதம் ₹1,06,628.

கிராஜுவிட்டி ஐந்தாண்டு முடிந்தால்தான் கைக்கு வரும். காப்பீட்டு பிரீமியம் ஒருபோதும் கைக்கு வராது. வேரியபிள் வந்தால் வரவு. ஆகவே உறுதியானதை உறுதியானதோடு மட்டும் ஒப்பிட வேண்டும்: சம்பளமும் பி.எஃப். பங்கும் சேர்த்துப் பழையது ₹11,30,880, புதியது ₹13,01,140. உயர்வு 15 சதவீதம். பழைய இடத்தின் ஆண்டு ஊக்கத்தொகை ₹60,000-ஐயும் புதிய இடத்தின் முழு வேரியபிளையும் இரு பக்கமும் சேர்த்தால் 22 சதவீதம் வரை போகும்.

இதில் கண்ணை ஏமாற்றுவது பி.எஃப். பழைய இடத்தில் பி.எஃப். பிடித்தது போகக் கையில் வந்தது ₹81,760. புதிய இடத்தில் ₹1,04,828. மாதம் 23,000 ரூபாய் கூடியதாகத் தெரியும். ஆனால் பி.எஃப். கணக்கில் விழும் தொகை, பணியாளர் பங்கு, நிறுவனப் பங்கு இரண்டும் சேர்த்து, மாதம் 12,480-லிருந்து 3,600 ஆகிவிட்டது. 8,880 ரூபாய் சேமிப்பு பாக்கெட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆண்டு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். சேமிப்பு குறையக் கூடாது என்றால் தன் பங்கை விருப்பப் பங்களிப்பாக உயர்த்திக்கொள்ளலாம். வரம்புக்கு மேல் நிறுவனம் தன் பங்கைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி தேதிக்கு வருவோம். இந்த நிகழ்வின் மையமே அதுதான்.

அவருடைய நோட்டீஸ் பீரியட் 90 நாள். நவம்பர் 2-ஆம் தேதி ராஜினாமா மின்னஞ்சல் அனுப்புவதாகத் திட்டம். மறுநாளிலிருந்து எண்ணினால் நவம்பரில் 28, டிசம்பரில் 31, ஜனவரியில் 31. சரியாக 2024 ஜனவரி 31-இல் 90 நாள் முடிகிறது. மாதக் கடைசி, சம்பளக் கணக்குக்கும் வசதி. எச்.ஆர். பிரிவும் அந்தத் தேதியைத்தான் சொல்லும்.

கிராஜுவிட்டிக் கணக்கில் அந்தத் தேதி நஷ்டம். 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி கடைசியாக வாங்கிய பேஸிக்கையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இவருக்கு ஓர் ஆண்டுக்கு 52,000 ÷ 26 × 15 = ₹30,000. கடைசி உடைந்த ஆண்டு ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு ஆண்டாகும்; தாண்டாவிட்டால் கணக்கிலேயே வராது. ஜனவரி 31 அன்று அவருடைய பணிக்காலம் 14 ஆண்டு, 5 மாதம், 29 நாள். கிராஜுவிட்டி 14 ஆண்டுக்கு, ₹4,20,000. ஆறு மாதம் நிறைவது பிப்ரவரி 2. அதைத் தாண்ட பிப்ரவரி 3 வரையாவது பணியில் இருக்க வேண்டும்.

மூன்று நாள். அதற்கு விலை ₹30,000, அதுவும் வரியில்லாமல்.

ஆகவே ராஜினாமாவில் கடைசி வேலைநாள் பிப்ரவரி 5, திங்கட்கிழமை என்று எழுதப்பட்டது. நோட்டீஸைவிடக் கூடுதலாக இருக்கிறேன் என்பதை எந்த நிறுவனமும் பெரும்பாலும் மறுக்காது. பொறுப்பை ஒப்படைக்க நாள் வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் அந்தத் தேதி ராஜினாமா ஏற்புக் கடிதத்திலும் அப்படியே வர வேண்டும். ஏற்புக் கடிதத்தில் ஜனவரி 31 என்று இருந்து, வாய்வார்த்தையில் பிப்ரவரி 5 என்று ஒப்புக்கொண்டிருந்தால், கடைசியில் நிற்பது எழுத்துதான்.

இன்னொரு தேதியில் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்டு ஊக்கத்தொகை மார்ச் 31 அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய நிறுவனம் ஏப்ரல் வரை காத்திருக்கத் தயாரில்லை. இந்த இழப்பை ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பு சொன்னதால் ₹75,000 ஜாயினிங் போனஸ் கிடைத்தது, மூன்று மாதம் முடிந்தபின் தருவதாக. கையெழுத்திட்ட பிறகு கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அதிலும் ஒரு கொக்கி உண்டு: 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். வரி பிடித்துக் கொடுத்துவிட்டு முழுத் தொகையைத் திரும்பக் கேட்பது வழக்கம். எவ்வளவு, எந்த விகிதத்தில், நிறுவனமே நீக்கினாலும் பொருந்துமா என்பதை அந்த வரியிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ராஜினாமா மின்னஞ்சலுக்கு நான்கு வரி போதும். "நான் வகிக்கும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். என் நியமனக் கடிதத்தின் நோட்டீஸ் விதிப்படி இக்கடிதம் நவம்பர் 2 முதல் அமலாகும். என் கடைசி வேலைநாள் 2024 பிப்ரவரி 5. இதை ஏற்றுக்கொண்டதை எழுத்தில் தெரிவிக்கவும்." காரணம், நன்றிப் பட்டியல், குறைகள் எதுவும் இதில் தேவையில்லை. மேலாளருக்கும் எச்.ஆருக்கும் அனுப்பி, தன் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும். இதை அனுப்பும் நாளில் புதிய இடத்தின் கையெழுத்திட்ட ஆஃபர் கையில் இருப்பதோடு, பின்னணிச் சரிபார்ப்பு எப்போது நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகுதான் சரிபார்ப்பு என்றால், பணிக்காலத் தேதிகள் பி.எஃப். பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

நோட்டீஸை முழுதாக முடிக்காமல் பணம் கட்டி விலகுபவர்கள் நியமனக் கடிதத்தில் ஒரு சொல்லைத் தேட வேண்டும்: பேஸிக் மீதா, மொத்தச் சம்பளம் மீதா. இவர் விஷயத்தில் 30 நாள் குறைந்திருந்தால் அது 52,000-க்கும் 88,000-க்கும் உள்ள வித்தியாசம். நோட்டீஸ் பாக்கியைக் கிராஜுவிட்டியில் கழிப்பது தவறு. கிராஜுவிட்டியைப் பிடித்துவைக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் மிகக் குறைவு: நிறுவனத்துக்கு நஷ்டம் விளைவித்ததற்காக நீக்கப்பட்டால் அந்த நஷ்டத்தின் அளவுக்கு, வன்முறைக்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ நீக்கப்பட்டால் பகுதியாகவோ முழுதாகவோ. தானாக விலகியவரின் நோட்டீஸ் குறைவு இந்தப் பட்டியலில் இல்லை.

போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது என்ற வரி அவருடைய நியமனக் கடிதத்திலும் இருந்தது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் அத்தகைய நிபந்தனை செல்லாது. ரகசியம் காக்கும் நிபந்தனை செல்லும். வரைபடம், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக் கூடாது. கடைசி மாதத்தில் ஐ.டி. பிரிவு தேடுவது இதைத்தான்.

அடுத்து, பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று: கம்பெனி சிம். 14 ஆண்டாக அவரிடம் இருந்த ஒரே எண் நிறுவனம் கொடுத்தது. ஆதார், வங்கி, யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்), வருமான வரித் தளம், பிள்ளைகளின் பள்ளி, எரிவாயு இணைப்பு எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வருவது அந்த எண்ணுக்குத்தான். கடைசி நாளில் சிம்மை ஒப்படைத்தால் அன்று மாலையே பி.எஃப். தளத்துக்குள் நுழைய முடியாது. மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் புதிய சொந்த எண், பிறகு ஆதாரில் அந்த எண்ணைப் பதிதல், அது ஏறிய பின் வங்கி, அதன்பின் யு.ஏ.என்., வருமான வரித் தளம். ஆதாரை விட்டுவிட்டு மற்றவற்றில் தொடங்கினால் பாதி இடத்தில் ஆதார் ஓ.டி.பி. கேட்டு நின்றுவிடும். ராஜினாமா கொடுத்த வாரத்திலேயே இதைத் தொடங்கினால் நிதானமாக முடியும். அந்த எண்ணையே தன் பெயருக்கு மாற்றித் தரச் சில நிறுவனங்கள் சம்மதிக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அலுவலக மின்னஞ்சலுக்கும் இதே கதி என்பதால், சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றான படிவம் 16-ஐச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அது வருவது அடுத்த ஜூனில்; அப்போது பழைய முகவரி இருக்காது.

பி.எஃப். பதிவில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக, 2009-இல் நிறுவனம் பதிந்த பி.எஃப். கணக்கில் இனிஷியல் முன்னால். இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், பழைய பி.எஃப். கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றக் கொடுக்கும் மாற்றல் விண்ணப்பம் திரும்பிவிடும். திருத்தத்துக்கான கூட்டு உறுதிமொழியில் பழைய நிறுவனம் கையெழுத்திட வேண்டியிருக்கும்போது, உள்ளே வேலை பார்க்கையில் கேட்பதும் வெளியேறிய பிறகு கேட்பதும் ஒன்றல்ல. பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், சேர்ந்த தேதி நான்கையும் நோட்டீஸ் காலத்திலேயே சரிபார்த்து முடிக்க வேண்டும்.

சேரும் இடத்தில் அவர் நிரப்பியது படிவம் 11. முன்பு பி.எஃப். உறுப்பினரா, ஓய்வூதியத் திட்ட உறுப்பினரா என்ற இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்று போட்டு, யு.ஏ.என். எண்ணைக் கொடுத்தார். ஆனாலும் தவறு நடந்தது. ஏப்ரலில் பாஸ்புக்கைப் பார்த்தபோது மார்ச் மாதத்துக்கு எதிரே பணியாளர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800, ஓய்வூதியம் 0. நிறுவனப் பங்கில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிய வேண்டும் என்பதால் இருக்க வேண்டியது 1,800, 550, 1,250. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு ₹15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முறையாகச் சேருபவருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. சம்பளப் பிரிவு அந்த விதியைப் பழைய உறுப்பினரான இவருக்கும் பொருத்திவிட்டது. பி.எஃப்.பில் பணம் கூடுதலாக விழுவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஓய்வூதியக் காலம் அங்கேயே நின்றுவிடும். முதல் மாதமே கண்டுபிடித்ததால், பழைய பாஸ்புக்கில் 1,250 பிடித்திருப்பதைக் காட்டி நிறுவனம் மூலம் திருத்த முடிந்தது. ஐந்தாறு ஆண்டு கழித்துத் தெரிய வந்திருந்தால் நிறுவனமும் பி.எஃப். அலுவலகமும் மாறி மாறிக் கை காட்டும்.

மாற்றல் முடிந்த பின் புதிய பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் பழைய தொகை காட்டப்படாது. பணம் போய்விட்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. ஓய்வூதியத்தில் மாறுவது பணிக்காலம் மட்டும், தொகை அல்ல. 58 வயதில் கணக்கிடும் முறை, ஓய்வூதியச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. அதில் சேர்ந்த தொகைக்கு இடமே இல்லை. பத்தாண்டு தாண்டியவருக்கு இதை மொத்தமாக எடுக்கும் உரிமையும் கிடையாது. பி.எஃப். அமைப்பின் கீழ் வராத இடத்துக்குப் போகிறவர் படிவம் 10சி மூலம், அதுவரையிலான பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றலுக்கு முன் பழைய நிறுவனம் விலகிய தேதியைத் தளத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே போட வேண்டும். பிப்ரவரி 5-க்குப் பதில் பிப்ரவரி 29 என்று பதிந்துவிட்டால், பிப்ரவரி 12-இல் சேர்ந்த புதிய வேலையோடு தேதி மோதி, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போலப் பதிவில் நிற்கும்.

வரியில் நேர்வது எளிய தவறுதான், ஆனால் தொகை உறுத்தும். புதிய வரி முறையில் பழைய நிறுவனம் பிப்ரவரி 5 வரை கொடுத்த சம்பளம் சுமார் ₹8,95,000. சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 50,000 போக வரி ஏறத்தாழ ₹41,100 பிடித்துவிட்டது. புதிய நிறுவனம் மார்ச் வரை தந்தது சுமார் ₹1,73,000. அதை மட்டும் தனியாகப் பார்த்தால் வரியே இல்லை. இரண்டையும் கூட்டினால் வரி ₹65,200. துண்டு விழுவது ₹24,100. படிவம் 12பி-யில் பழைய வருமானத்தையும் பிடித்த வரியையும் கொடுத்திருந்தால் மார்ச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். கொடுக்காவிட்டால் மார்ச் 31-க்குள் முன்வரியாகத் தானே கட்ட வேண்டும். தவறினால் ஏப்ரல் முதல் மாதத்துக்கு 1 சதவீத வட்டியும் சேரும். தொழில் வரியும் இதே வகை: அக்டோபர்–மார்ச் அரையாண்டுக்குப் பழைய நிறுவனம் பிடித்துவிட்டதென்றால் அந்தப் பே ஸ்லிப்பைக் காட்டி இரண்டாம் முறை பிடிப்பதைத் தவிர்க்கலாம்.

செட்டில்மென்ட்டில் கிராஜுவிட்டி ₹4,50,000. வரிவிலக்கு வரம்பு ₹20 லட்சம் என்பதால் வரி இல்லை. எடுக்காமல் மிஞ்சிய 60 நாள் விடுப்புக்கு 52,000 ÷ 30 × 60 = ₹1,04,000. 30-ஆல் வகுப்பதா 26-ஆல் வகுப்பதா என்பது நிறுவன விதியைப் பொறுத்தது. 26 என்றால் ₹1,20,000. பணியில் இருக்கும்போது விடுப்பைப் பணமாக்கினால் முழுதும் வரி. விலகும்போது வாங்கினால், ராஜினாமாவானாலும், வாழ்நாள் வரம்பு ₹25 லட்சத்துக்குள் விலக்கு உண்டு. சம்பளப் பிரிவு இதற்கும் வரி பிடித்திருந்தது. வரித்தாக்கலில் கோரித்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. கிராஜுவிட்டிக்குப் படிவம் 'ஐ' கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி, இவர் தொகைக்கு மாதம் ₹3,750. இந்த ஒரு வரியை நினைவூட்டும் மின்னஞ்சலில் சேர்த்தால் கோப்பு நகரும்.

குழு மருத்துவக் காப்பீடு பிப்ரவரி 5-ஓடு முடிந்தது. புதியது 12-இல் தொடங்கியது, பெற்றோர் இல்லாமல். ஆறு நாள் இடைவெளி சிறியது. பெற்றோர் விடுபட்டதுதான் பெரியது. குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் முன்பு கழித்த காலத்தைக் கணக்கில் கேட்கலாம். ஏற்பதும் பிரீமியமும் நிறுவனத்தின் பரிசீலனைக்கு உட்பட்டவை என்பதால் குழுப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமிருந்தால் அதையும் ராஜினாமாவுக்கு முன் முடிப்பதே சௌகரியம்; தகுதிகாண் காலத்தில் இருப்பவரை வங்கிகள் தயங்கித்தான் பார்க்கும்.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பிடித்துள்ளது. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு நிபந்தனையும் 15/26 கணக்கும் தொடர்கின்றன. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டு போதும். ராஜினாமா செய்தவருக்கும் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலைநாளில் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டமும் வந்துவிட்டதால், மேலே சொன்ன வரிப் படிவங்களின் எண்களை அப்படியே நம்பாமல் இப்போதைய எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊதியத்தின் வரையறையும் மாறியிருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். பழைய இடத்தில் இவருடைய பேஸிக் 59 சதவீதம் என்பதால் இந்த விதி அங்கே எதையும் மாற்றியிருக்காது. புதிய இடத்தில் 1,06,628-இல் பேஸிக் 50,000, அதாவது 47 சதவீதம்; கிராஜுவிட்டிக்கான அடிப்படை சற்றே உயரும். அங்கே அவருக்கு ஐந்தாண்டு நிறைவது 2029 பிப்ரவரி 11.